பேசாமல் இருப்பதே தண்டனையாக இருந்த வீடு: சில வருடத் தெரபிக்குப் பிறகு

குழந்தைப் பருவத்து மனக்காயத்துக்காகத் தெரபிக்குப் போகத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆரம்ப மாதங்களிலேயே எழுத உட்கார்ந்திருந்தால் "எல்லாம் புரிந்துவிட்டது" என்று எழுதியிருப்பேன். புரிந்தது உண்மைதான். ஆனால் புரிந்ததால் மட்டும் வீட்டில் எதுவும் மாறவில்லை. மாற்றம் வேறு வழியாக, வெகு தாமதமாகத்தான் வந்தது.

என் பிரச்சினை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பிரச்சினையாகவே தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் கை நீட்டியதில்லை. அம்மாவுக்குக் கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். வேளாவேளைக்குச் சாப்பாடு போடுவார், துணி மடித்து வைப்பார், முகம் மட்டும் என் பக்கம் திரும்பாது. எதற்குக் கோபம், எப்போது தீரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிறகு ஒருநாள் காலையில் ஒன்றுமே நடக்காததுபோலப் பேச ஆரம்பிப்பார். அந்தக் காலை சீக்கிரம் வரட்டும் என்றே நல்ல பிள்ளையாக இருந்து வளர்ந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு, கணவர் உள்ளே வந்து சாவியை மேசையில் வைக்கும் சத்தத்திலேயே அவர் மனநிலையைக் கணிப்பேன். சத்தம் கொஞ்சம் பலமாக இருந்தால் வயிற்றைப் பிசையும். "என் மேல கோபமா?" என்பேன். "இல்லம்மா, அலுப்பா இருக்கு" என்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பேன். கேட்டுக் கேட்டுக் கடைசியில் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிடும். பேசாமல் வேறு அறைக்குப் போய்விடுவார். நான் எதற்குப் பயந்தேனோ அது அப்படியே நடந்துவிடும்.

இதற்கெல்லாம் ஆராய்ச்சியில் நல்ல விளக்கம் இருக்கிறது. தாயோடு குழந்தைக்கு ஏற்படும் பிணைப்பைப் பற்றி ஜான் பவுல்பி, மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர்கள் சொன்னதை, 1987-இல் ஹஸான், ஷேவர் என்ற உளவியலாளர்கள் பெரியவர்களின் காதல் உறவுக்குப் பொருத்திக் காட்டினார்கள். ஆனால் என்னை உலுக்கியது உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் செய்த சோதனைதான். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், சொல்லி வைத்தபடி, முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் ஓரிரு நிமிடம் அப்படியே இருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும். எதற்கும் பதில் இல்லை என்றால் தானும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதன் வீடியோவை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

அதே ட்ரோனிக் சொன்ன இன்னொரு விஷயம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நன்றாக இருக்கும் தாய்-சேய் உறவிலும், இருவரும் ஒத்துப்போவது சுமார் 30 சதவீத நேரம்தான். மீதி நேரமெல்லாம் பிசகுவதும் சரிசெய்துகொள்வதுமாகவே போகிறது. அப்படியானால் என்னைக் காயப்படுத்தியது அம்மாவின் கோபம் இல்லை. கோபத்துக்குப் பிறகு "வா, என்ன ஆச்சுன்னு பேசலாம்" என்று ஒரு தடவைகூட யாரும் கூப்பிடாததுதான்.

எனக்கு அந்தக் கூப்பிடுதல் முதலில் கிடைத்தது தெரபி அறையில். ஒருமுறை என் தெரபிஸ்ட் கடைசி நிமிடத்தில் சந்திப்பைத் தள்ளிவைத்துவிட்டார். அடுத்த முறை வழக்கம்போல "பரவாயில்லை மேடம்" என்றேன். "நிஜமாவே பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டு அமைதியாகக் காத்திருந்தார். கோபம் வந்தது என்று திக்கித் திணறிச் சொன்னேன். சொன்ன உடனேயே அவர் முகத்தைத்தான் பார்த்தேன், மாறுகிறதா என்று. மாறவில்லை. "கோபம் வர்றது நியாயம்தான். முன்னாடியே சொல்லியிருக்கணும், மன்னிச்சிடுங்க" என்றார். அடுத்த வாரமும் அதே சிரிப்போடு கதவைத் திறந்தார். கோபப்பட்ட பிறகும் ஒருவர் என்னோடு பேசுவார் என்பதை என் உடம்பு நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

வீட்டில் நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு ஒன்றே ஒன்று. யாருக்குப் பேசாமல் இருக்கத் தோன்றினாலும் இருக்கலாம், ஆனால் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். "இப்ப முடியல. கோபம்தான். ஒன்பது மணிக்குப் பேசலாம்." முதலில் ஒன்பது மணிவரை உயிரே போய்விடும்போல இருக்கும். ஆனால் அவர் சொன்ன நேரத்துக்கு வந்தார், ஒவ்வொரு தடவையும். இப்போது அந்த இடைவெளியில் என்னால் வேறு வேலை பார்க்க முடிகிறது. வயிற்றைப் பிசைவது முழுதாக நிற்கவில்லை, சீக்கிரம் அடங்கிவிடுகிறது.

எனக்கு உதவாதவையும் உண்டு. உறவில் பிணையும் விதத்தை வைத்து "நீங்கள் எந்த வகை?" என்று சொல்லும் ஆன்லைன் கேள்வித்தாள்கள் உறவைச் சரிசெய்வதில்லை, சண்டையில் சொல்லிக் குத்திக்காட்ட ஒரு பட்டத்தைத் தருகின்றன. சிறுவயதுத் துன்பங்களுக்கு மதிப்பெண் போடும் முறையும் அப்படித்தான். 9,500-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 1998-இல் வெளியான பெரிய ஆய்விலிருந்து வந்தது அது. தனி மனிதரை அந்த எண்ணை வைத்து எடைபோடக் கூடாது என்று அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான ராபர்ட் அன்டாவே பின்னாளில் எச்சரித்திருக்கிறார். அம்மாவுக்கு நீளமாகக் கடிதம் எழுதி அனுப்பாமல் வைத்திருப்பது பலருக்குப் பலன் தருகிறதாம். எனக்கு ஆத்திரம்தான் கூடியது.

தொடங்கப் போகிறவர்களுக்கு: ஆரம்பத்தில் நிலைமை மோசமாவதுபோலத்தான் தோன்றும். தூக்கம் கெடும், பெற்றோர் மேல் கோபம் பொங்கும். கூட இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உங்கள் வீட்டில் இப்போது அடிதடியோ மிரட்டலோ இருந்தால் நான் சொன்ன ஏற்பாடு உங்களுக்கானது இல்லை, முதலில் பாதுகாப்பான இடம் வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

தெரபிஸ்டைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டம், அனுபவம் எல்லாம் விசாரித்த பிறகு இதையும் கேளுங்கள்: "உங்க மேல எனக்குக் கோபம் வந்தா, அதை இங்கேயே பேசலாமா?" தயங்காமல் "தாராளமா" என்று சொல்பவரிடம் போங்கள். பேச்சை மாற்றினால் வேறு ஒருவரைத் தேடுங்கள்.