ரா-02 லோரா மொடியூல்: தோட்டத்து மோட்டருக்குப் போதுமா?

போதும், பாவிக்கத் தெரிந்தால். லோரா என்பது சிறு செய்திகளைத் தூரத்துக்கு அனுப்பும் ரேடியோ முறை. எஸ்எக்ஸ்1278 சிப்பில் ஓடும் இந்த 433 மெகாஹேர்ட்ஸ் மொடியூலுக்குக் கைத்தொலைபேசி சிக்னலும் வேண்டாம், மாதக் கட்டணமும் வேண்டாம். குளக்கட்டுக்குக் கீழே உள்ள மோட்டரை வீட்டிலிருந்தே போடலாம், நிறுத்தலாம்.

தூரம் காணாவிட்டால் எஸ்எஃப்பை (ஸ்ப்ரெடிங் ஃபக்டர்: கூட்டினால் தூரம் கூடும், வேகம் குறையும்) 12 ஆக்கு என்பார்கள். அவசரப்படாதீர்கள். 125 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில் 4 பைற் பக்கெற் (ஒரு செய்தி) எஸ்எஃப் 7இல் 31 மில்லி செக்கனில் போய்விடும், 12இல் 0.83 செக்கன், அதிலும் ஏறக்குறையப் பாதி செய்திக்கு முன்னால் போகும் பிரியாம்பிள் என்ற தொடக்கச் சிக்னலுக்கே போகிறது. அந்த நேரத்துக்குள் 7இல் 26 தடவை அனுப்பலாம். ஆனால் சிக்னலே எட்டாத இடத்தில் எத்தனை தடவை அனுப்பியும் பயனில்லை. முதலில் அன்ரனாவை உயர்த்துங்கள். பிறகும் சரிவராவிட்டால் எஸ்எஃப் 9, அதில் 124 மில்லி செக்கன்.

வன்னி மட்டமான நிலம், அதனால் உயரம்தான் எல்லாம். ஒரு கிலோமீற்றர் இடைவெளிக்கு நடுவழியில் பற்றைக்கு மேலே ஏறத்தாழ 8 மீற்றர் வெளி வேண்டும். குளக்கட்டு பக்கத்தில் இருந்தால் கம்பத்தை அதன் மேல் நடுங்கள். ஸ்பிரிங் அன்ரனா இருந்தால் அதை எறிந்துவிட்டு 17.3 சென்ரிமீற்றர் கம்பி போட்டாலே வித்தியாசம் தெரியும்.

மொடியூலை இயக்கும் சிறு போர்ட்டான ஆர்டுயினோ நானோவின் 3.3 வோல்ற் பின்னிலேயே மொடியூலுக்கு மின் கொழுவுவதுதான் பெரிய பிழை. அது 50 மில்லி அம்பியர்தான் தரும். முழு வலுவில் அனுப்பும்போது மொடியூல் அதைவிட அதிகம் இழுக்கும், உடனே ரீசெற் ஆகும். 3.3 வோல்ற் தரும் தனி ஏஎம்எஸ்1117 ரெகுலேற்றரும் 100 மைக்ரோ ஃபரட் கப்பாசிற்றரும் போடுங்கள். நானோவின் 5 வோல்ற் சிக்னலையும் நேரே கொடுக்கக் கூடாது. 3.3 வோல்ற்றில் ஓடும் ஈஎஸ்பி32 போர்ட் என்றால் அந்தத் தலையிடி இல்லை.

ஆர்டுயினோவின் பிரபலமான லோரா லைப்ரரியில் சீஆர்சி சோதனை (பக்கெற் வழியில் கெட்டதா என்று பார்ப்பது) தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். அதைப் போடாவிட்டால் கெட்ட பக்கெற்றும் கட்டளையாக உள்ளே வரும். நாலு பைற்றில் தோட்ட இலக்கம், வரிசை எண், கட்டளை, நீர்மட்டம் எல்லாம் அடங்கிவிடும். ஒரே கட்டளை இரண்டு தடவை வந்தால் வரிசை எண்ணை வைத்துத் தள்ளலாம்.

ஒரே கட்டளையை மூன்று தடவை அனுப்புவது நல்லது. ஆனால் மோட்டர் நிற்கும்போது கொன்டாக்டர் (மோட்டருக்கு மின்னைப் போட்டு நிறுத்தும் சுவிச்) கக்கும் இரைச்சலில், ஒட்டியொட்டி அனுப்பிய மூன்று பிரதியும் ஒன்றாகவே கெட்டுப்போய்விடும். இடையில் 50 முதல் 200 மில்லி செக்கன் வரை ஒழுங்கில்லாமல் விடுங்கள். இரைச்சலைக் குறைக்க கொன்டாக்டர் கொயிலுக்குக் குறுக்கே 100 ஓம் தடையும் 0.1 மைக்ரோ ஃபரட் எக்ஸ்2 (மெயின் மின்னுக்கு உகந்த வகை) கப்பாசிற்றரும் தொடராகப் போடுங்கள். வீட்டுப் பக்கம் 10 செக்கனுக்கு ஒருமுறை ‘ஓடு’ என்று சொல்லட்டும். 30 செக்கன் சத்தமில்லாவிட்டால் மோட்டர் தானே நிற்க வேண்டும். இந்த ஏற்பாடில்லாமல் விற்கும் ஆயத்தப் பெட்டி எதையும் வாங்காதீர்கள்.

ஐப்பசி இடிமின்னலுக்கு அன்ரனா வயரைக் கழற்றுவதென்றால் முதலில் மின்னை நிறுத்துங்கள். அன்ரனா இல்லாமல் அனுப்பினால் சிப் எரியலாம்.