வீட்டுச் சிலந்திகளும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியும்

சென்ற ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள் காலை, தாம்பரத்தில் உள்ள எங்கள் வீட்டுக் குளியலறையில் வாளியை நகர்த்தியபோது, அதன் பின்னாலிருந்து உள்ளங்கை அகலத்துக்குக் கால் விரித்த பழுப்புநிறச் சிலந்தி ஒன்று சுவரில் ஏறி நின்றது. வயிற்றுக்கு அடியில் தட்டையான வெண்ணிற வில்லை போன்ற ஒன்றை அது அணைத்துப் பிடித்திருந்தது. அம்மா துடைப்பத்தோடு வருவதற்குள் படமெடுத்து, உயிரினங்களைப் படத்தைக் கொண்டு அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் பதிவேற்றினேன். செயலி முதலில் காட்டிய பெயர் ஹெட்டெரோபோடா வெனடோரியா. மறுநாள் வேறொரு பயனரும் அதையே உறுதிசெய்தார். வலை பின்னாமல், இரவில் கரப்பான்பூச்சிகளைத் துரத்திப் பிடித்துத் தின்னும் சிலந்தி அது என்றும், வயிற்றடியில் இருப்பது முட்டைப்பை என்றும் சொன்ன பிறகு அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

2008-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் திட்டமாகத் தொடங்கிய இச்செயலி இலவசமானது, விளம்பரங்கள் இல்லை. கணினி தரும் பெயர் வெறும் பரிந்துரைதான். படம், நாள், இடம் ஆகியவற்றோடு குறைந்தது இருவர் அடையாளம் சொல்லி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் உடன்பட்டால்தான் பதிவு ஆய்வுத் தரம் பெறுகிறது. வீட்டிலிருந்து பதிவிடுபவர்கள் இட அமைப்பை மறைப்புக்கு மாற்றிக்கொள்வது நல்லது. அப்போது சரியான இடத்துக்குப் பதிலாக ஒரு பரந்த வட்டாரம் மட்டுமே பிறருக்குத் தெரியும்.

சிலந்திகளில் பல இனங்களை நுண்ணோக்கியில் இனப்பெருக்க உறுப்புகளைப் பார்த்தே பிரிக்க முடியும் என்பதால், என் பதிவுகளில் பாதி, இனத்தின் பெயர் வரை போகாமல், நெருங்கிய இனங்களின் தொகுதியான பேரினத்தோடு நின்றுவிட்டன. அதை நான் குறையாகக் கருதவில்லை, தெரியாததற்குப் பெயர் சூட்டாத நேர்மையாகவே மதிக்கிறேன். முதுகுப்புறத்தையும் கண்களின் வரிசையையும் தனித்தனியே படமெடுத்தால் விடை விரைவில் கிடைக்கிறது.

ஆனால் இச்செயலி எனக்குத் தந்த பெரிய பயன், நாள்வாரியாகச் சேர்ந்த பதிவுகளே. சித்திரை வெயிலில், கூரை மூலையில் நூல்போன்ற கால்களோடு தொங்கி, தொட்டால் வலையோடு சுழன்றாடும் ஒட்டடைச் சிலந்திகளைத் தவிர வேறெதுவும் பதிவாகவில்லை. மழை தொடங்கிய பின் ஈசல் பறந்த மாலையில், குழல்விளக்கின் கீழ் மூன்று குதிக்கும் சிலந்திகள் ஈசலுக்காகக் காத்திருந்தன. கார்த்திகையில் செம்பருத்திச் செடியில் பெருக்கல் குறி போட்ட வலையின் நடுவே ஆர்ஜியோப் என்ற பேரினத்துச் சிலந்தி வந்து அமர்ந்தது. பதிவு இல்லாத மாதம் சிலந்தி இல்லாத மாதம் ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். கோடையில் நான் தோட்டத்துப் பக்கம் அதிகம் போகவில்லை.

செயலியை நிறுவ நினைப்பவர்கள் புரட்டாசியிலேயே தொடங்குங்கள். மழைக்கு முன் வீட்டில் எவை இருந்தன என்பது பதிவாகியிருந்தால்தான் மழைக்குப் பின் வந்தவற்றைப் பிரித்தறிய முடியும். ஐப்பசியில் தொடங்கிய எனக்கு அந்த ஒப்பீடு இந்த ஆண்டுதான் கிடைத்தது.