மூன்று நோய்க்கு ஒரே சூரணம்

சிறுநீரகக் கல், நீர்க்கடுப்பு, கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் ரத்தக் கழிவு) உயர்வு ஆகிய மூன்றையும் குணப்படுத்தும் என்று புட்டியின் முகப்பிலேயே அச்சிட்டு விற்கப்படும் மூலிகைச் சூரணம் ஒன்றை வாங்கிப் பயன்படுத்திப் பார்த்தேன். நெருஞ்சில், சிறுபீளை, மூக்கிரட்டை என்று தொடங்கும் உட்பொருள் பட்டியல், 'மற்றும் சில மூலிகைகள்' என்று முடிந்துவிடுகிறது. எது எவ்வளவு என்ற விவரம் இல்லை. வெந்நீரில் கலக்கினால் பழுப்புப் பொடி மணலைப்போல அடியில் தங்குகிறது. துவர்ப்பு சற்றுத் தூக்கல். மற்றபடி குடிக்கச் சிரமமில்லை.

சூரணத்துடன் நாள்தோறும் 3 லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று பின்புறத்தில் ஒரு வரி இருக்கிறது. கல்லைப் பொறுத்தவரை கிடைக்கும் பலனில் பெரும்பங்கு அந்த வரிக்கே உரியது என்பேன். 5 மில்லிமீட்டருக்கும் சிறிய கற்களில் பெரும்பாலானவை தாமாகவே சில வாரங்களில் வெளியேறிவிடும். 10 மில்லிமீட்டரைத் தாண்டியவை அவ்வாறு வெளியேறுவது அரிது. யூரிக் அமிலக் கல்லைச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்துக் கரைக்க முடியும். ஆனால் மிகுதியாகக் காணப்படும் கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைக்கும் மருந்து நவீன மருத்துவத்திலேயே இல்லை. வலி நின்றதால் கல் போய்விட்டது என்றும் கொள்ள முடியாது. சிறுநீர்க்குழாயை அடைத்த கல், வலியே இல்லாமலும் சிறுநீரகத்தை வீங்கச் செய்து கெடுக்கக்கூடும் என்பதால், ஸ்கேன் எடுத்துத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

அடுத்து நீர்க்கடுப்பு. உடலில் நீர் குறைந்ததால் வரும் எரிச்சல் தண்ணீர் குடித்தாலே தணியும். பாக்டீரியா தொற்றினால் வரும் கடுப்பு அப்படியன்று. குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுப்பக்க வலி, வாந்தி ஆகியவை தோன்றினால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மூன்றாவது வாக்குறுதிதான் மிக மோசமானது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்த பிறகே பெரும்பாலும் கிரியாட்டினின் அளவு வரம்பைத் தாண்டுகிறது. அந்த நிலையில் கால் வீங்கி, சிறுநீர் குறைந்தவருக்கு, கல்லுக்கு உதவிய அதே 3 லிட்டர் தண்ணீர் மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடலாம். மூலிகைகளில் உள்ள பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கி இதயத்துடிப்பையே குலைக்கலாம். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை உண்ட பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அதிலிருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலமே காரணம் என்று பின்னர் தெரியவந்தது. நம் ஆடுதீண்டாப்பாளையும் அந்த அமிலம் கொண்ட அரிஸ்டோலோக்கியா தாவர இனத்தைச் சேர்ந்ததே.

ஆகவே 'மற்றும் சில' என்பவை எவை என்று கேட்டுத் தயாரிப்பாளருக்கு எழுதினேன். முற்றிலும் இயற்கையானது, பக்கவிளைவு அற்றது என்று பதில் வந்தது. மூலிகைகளின் பெயர்கள் வரவில்லை.