7,800 ரூபாயும் போனது, நல்ல போர்டும் போனது: டிவி பழுதுபார்க்க வீட்டுக்கு ஆள் அழைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இதை எழுதும் நேரத்தில் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. படம் இல்லை, ஒலி மட்டும் வருகிறது. அம்மா இருண்ட திரைக்கு எதிரே உட்கார்ந்து, தொடரில் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்பதைக் குரலை வைத்தே தெரிந்துகொள்கிறார். இந்த நிலைமையை அடைவதற்கு நான் செலவழித்த தொகை 7,800 ரூபாய்.

திருவரங்கத்தில் இருக்கிறோம். 2019-இல் வாங்கிய 43 அங்குல எல்.இ.டி. டிவி மூன்று வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை நின்றுபோனது. சிவப்பு விளக்கு மினுக்கும், உள்ளே டிக் டிக் என்று ஓர் ஓசை கேட்கும், அவ்வளவுதான். உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்திருந்தது. கைப்பேசியில் டிவியின் நிறுவனப் பெயரோடு 'சர்வீஸ் சென்டர், திருச்சி' என்று தேடினேன். வீட்டுக்கே வந்து எல்லாவற்றையும் பழுதுபார்ப்பதாகச் சொல்லும் ஒரு தளம் முதலில் வந்தது. அது விளம்பரம் என்று மேலே சிறிய எழுத்தில் இருந்ததை அன்று நான் பொருட்படுத்தவில்லை. நிறுவனத்தின் உண்மையான எண், டிவியோடு வந்த கையேட்டின் பின்அட்டையில் அச்சிடப்பட்டு, பீரோவுக்குள் ஆறு ஆண்டுகளாகப் பத்திரமாக இருந்தது என்பதை நினைத்தால் எனக்கே என் மீது கோபம் வருகிறது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஓர் இளைஞர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, சட்டைப்பையின் மேல் ஏதோ ஒரு நிறுவன முத்திரை. செருப்பை வாசலிலேயே விட்டார். கட்டிலில் பழைய போர்வையை விரிக்கச் சொல்லி, குழந்தையைப் படுக்கவைப்பதுபோல டிவியைக் கவிழ்த்துவைத்தார். "எத்தனை வருஷமா பாக்குறீங்கம்மா?" என்று அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். அம்மா "தம்பி, காபி குடிச்சிட்டுப் பாருப்பா" என்று உள்ளே போனார். வந்து பார்ப்பதற்கான கட்டணம் 350 ரூபாய் என்றார். நான் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி, மீதியை வைத்துக்கொள்ளச் சொன்னபோது, "கம்பெனி ரூல்ஸ் சார்" என்று 150 ரூபாயை எண்ணித் திருப்பிக் கொடுத்தார். நான் விழுந்தது அந்த 150 ரூபாயில்தான். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் நான் சந்தேகிக்கவில்லை.

டிவிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகைகளான பவர் போர்டு (மின்சாரம் தருவது), மெயின் போர்டு (படத்தையும் ஒலியையும் இயக்குவது) இரண்டும் போய்விட்டன, மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் எரிந்திருக்கின்றன என்றார். சென்டருக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து வர முன்பணம் 4,000 ரூபாய் கேட்டார். யுபிஐயில் அனுப்பினேன். திரையில் வந்த பெயர் நிறுவனத்தின் பெயரல்ல, ஒரு தனிமனிதரின் பெயர். கேட்டதற்கு, "அது எங்க மேனேஜர் சார்" என்றார். நானும் தலையாட்டினேன். அவர் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, என் மகள் பொழுதுபோகாமல் டிவியின் உட்புறத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துவைத்தாள். இந்த விவகாரத்தில் எங்கள் வீட்டில் யாராவது உருப்படியாக ஒன்று செய்தார்கள் என்றால் அது அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்தான்.

நான்காம் நாள் போர்டோடு திரும்பி வந்தார். மாட்டியதும் டிவி ஓடியது. மீதி 3,450 ரூபாயையும் வாங்கிக்கொண்டார். ஆக மொத்தம் 7,800 ரூபாய். யூடியூப் எங்கே என்று மகள் கேட்டாள். பழைய ரிமோட்டும் வேலை செய்யவில்லை. "புது சாஃப்ட்வேர் சார், இந்த ரிமோட்தான் வேலை செய்யும்" என்று மெலிதான கறுப்பு ரிமோட் ஒன்றைக் கொடுத்தார். ஜி.எஸ்.டி. எண் இல்லாத, கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டில் மூன்று மாத உத்தரவாதம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஒன்பதாம் நாள் இரவு படம் அணைந்தது. ஒலி மட்டும் வந்துகொண்டிருந்தது.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதல் நாள், "நாளைக்கு ஆள் வருவார்." இரண்டாம் நாள், "அவர் வேறு ஏரியாவில் இருக்கிறார்." மூன்றாம் நாள் பேசிய பெண், உத்தரவாதம் போர்டுக்கு மட்டும்தான், இப்போது போனது டிஸ்ப்ளே, மாற்ற 14,000 ரூபாய் ஆகும் என்றார். டிவியைப் பார்க்காமலே எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டதும் இணைப்பு துண்டிக்கப்பட்டது. நான்காம் நாள், அந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டாராம். அதன் பிறகு என் எண்ணிலிருந்து அழைத்தால் மணியே அடிப்பதில்லை. மனைவியின் எண்ணிலிருந்து அழைத்தால் உடனே எடுத்து, "வணக்கம், எந்தப் பொருளுக்கு சர்வீஸ் வேணும்?" என்கிறார்கள். தளத்துக்கு எழுதினால், தாங்கள் விளம்பர இடம் மட்டுமே தருவதாகவும், சேவைக்குப் பொறுப்பில்லை என்றும் ஒரே பதில் மூன்று முறை வந்தது. வங்கியில், நீங்களே ரகசிய எண்ணை இட்டு அனுப்பிய பணமாயிற்றே என்றார்கள். சீட்டில் இருந்த தில்லைநகர் முகவரிக்குப் போனேன். அங்கே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கடைக்காரர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "டிவியா, வாஷிங் மெஷினா?" என்று கேட்டார்.

கடைசியில், படக்குழாய்க் காலத்திலிருந்தே டிவி பார்க்கும் உள்ளூர் மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது இது. அவர் விளக்கை அணைக்கச் சொல்லி, டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்தார். அந்த வெளிச்ச வட்டத்துக்குள், தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல, தொடர் நாயகியின் முகம் மங்கலாக அசைந்தது. படம் வருகிறது, பின்னாலிருந்து ஒளி தரும் எல்.இ.டி. பட்டைகள்தான் எரிந்துவிட்டன என்றார். பிறகு பின்மூடியைத் திறந்து, "இது உங்க டிவி போர்டே இல்ல சார்" என்றார். உள்ளே இருந்தது எந்த டிவிக்கும் பொருத்தக்கூடிய மலிவான யுனிவர்சல் போர்டு. அதில் பேக்லைட்டுக்குப் போகும் மின்னோட்டத்தை எங்கள் டிவியின் பட்டைகளுக்கு ஏற்பக் குறைக்காமல் விட்டதால், அவை சூடேறிக் கருகியிருக்கின்றன.

மகள் எடுத்த படத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கி, பவர் போர்டின் ஓரத்தில் இருந்த இரண்டு கண்டன்சர்களை, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் சிறு உருளைகளைக் காட்டினார். தட்டையாக இருக்க வேண்டிய அவற்றின் தலை, கொதிக்கும் சோற்றுப்பானை மூடிபோல மேலே உப்பியிருந்தது. பழுது அங்கேதான் இருந்திருக்கிறது. கூலியோடு 600 ரூபாயில் முடிந்திருக்கும் என்றார். 600 ரூபாய் வேலைக்கு 7,800 ரூபாய் கொடுத்தது ஒருபுறம் இருக்கட்டும். எந்தக் குறையும் இல்லாத மெயின் போர்டையும் கழற்றிக் காகிதத்தில் சுற்றி, வாசல்வரை வந்து வழியனுப்பி வைத்திருக்கிறேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணமும் இல்லை. ஆனால் முகவரியே இல்லாதவனுக்கு எந்த முகவரியில் நோட்டீஸ் அனுப்புவது? அந்தத் தளத்தையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க முடியுமா என்று ஒரு வழக்கறிஞரைக் கேட்கப்போகிறேன்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. எண்ணைத் தேடலில் எடுக்காதீர்கள், கையேட்டிலோ நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ எடுங்கள். மூடியைக் கழற்றியதும், போர்டுகளில் உள்ள வெள்ளை ஸ்டிக்கரின் எண் தெரியும்படி படம் எடுத்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. போர்டை வெளியே கொடுத்தால் அந்த எண்களை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். யுபிஐயில் வேறு பெயர் வந்தால் அனுப்பாதீர்கள். கோபத்தில் நீங்களே திறக்கவும் வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டின் பெரிய கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடும். மீதியைப் பிறகு எழுதுகிறேன். பட்டைகள் வந்துவிட்டதாக மெக்கானிக் அழைக்கிறார், அதற்கு 2,200 ரூபாய் தனி.