மேற்கோள் குறியை உரிப்பது யார்? மேக், சிமேக், மெசான், பேசல்

மேக், சிமேக், மெசான், பேசல் நான்கும் மூல நிரலிலிருந்து மென்பொருளைக் கட்டித்தரும் பில்டு கருவிகள். அவற்றின் வழியே சி நிரலுக்குப் பதிப்பு எண்ணை மேக்ரோவாக அனுப்பும்போது கம்பைலர் கையில் கிடைக்க வேண்டியது -டிபதிப்பு="1.2.3", இரட்டை மேற்கோளோடு. தப்பினால் ஜிசிசி கம்பைலரின் புலம்பலே (பிழைச் செய்தியே) பாதி விடை. எண்ணில் தசமப் புள்ளிகள் அதிகம் என்றால், வழியில் ஏதோ ஒன்று மேற்கோளை உரித்துவிட்டது. நிரலில் \ தனியாகத் திரிகிறது என்றால், நீங்கள் ஓர் அடுக்கு கூடுதலாகப் போட்டுவிட்டீர்கள்.

மேக் மேற்கோளைத் தொடுவதில்லை. உரிப்பது அதற்குப் பின்னால் இருந்து கட்டளையை ஓட்டும் ஷெல். ஆகவே முழு ஃபிளாகையும் (கம்பைலருக்குத் தரும் குறிப்பையும்) ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தால் போதும்: '-டிபதிப்பு="1.2.3"'. மேக்கின் சொந்தத் தொல்லை $ குறி. ஆர்பாத்தில் (ஓடும்போது நூலகங்களைத் தேடும் பாதையில்) $ஆரிஜின் என்று எழுதினால், $-க்கு அடுத்த ஒற்றை எழுத்தை மாறியாக எடுத்து வெறுமையாக்கிவிடும், மிஞ்சுவது ‘ரிஜின்’. $$ போட்டு, ஷெல்லும் கைவைக்காதபடி ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள்.

சிமேக்கில் எங்கே எழுதுகிறீர்கள் என்பதே விஷயம். டார்கெட்டின் டெஃபினிஷன் பட்டியலில் கொடுத்தால் தேவையான எஸ்கேப்பை (மேற்கோளைக் காக்கும் \ குறிகளை) அதுவே போடும். சி ஃபிளாக்ஸ் மாறியில் திணித்தால் சரம் அப்படியே போகும், அங்கே \\\" வேண்டும். மாறியில் ஒற்றை மேற்கோள் போட்டுத் தப்பிக்கலாம் என்றால், சிமேக் எழுதித்தரும் கட்டளைகளை ஓட்டும் நிஞ்ஜா, விண்டோஸில் ஷெல்லை அழைப்பதில்லை, அது வெறும் எழுத்தாகக் கம்பைலருக்கே போகும். இன்னொரு பொறி: ஆப்ஷன் பட்டியலில் ஒரே சொல் இரண்டு முறை வந்தால் சிமேக் ஒன்றை நீக்கிவிடும். இரண்டு ‘-இன்க்ளூட்’ கொடுத்தால் இரண்டாவது கோப்பு அநாதை. 3.12 முதல் ‘ஷெல்:’ முன்னொட்டு இதற்காகவே இருக்கிறது.

மெசான்தான் நிம்மதி. பட்டியலில் ஓர் உறுப்பு, கம்பைலருக்கு ஓர் ஆர்க்யுமென்ட். மேக்கிலிருந்து தூக்கிவந்த \ குறிகளை மட்டும் களையுங்கள்.

பேசலும் பட்டியல்தான் கேட்கும், ஆனால் ஏமாற்றும்: காப்ட்ஸ் (ஃபிளாக் பட்டியல்), டிஃபைன்ஸ் (மேக்ரோ பட்டியல்) இரண்டையும் ஷெல் பாணியில் மறுபடி உடைக்கும். அதனால் \\"1.2.3\\" என்று எழுத வேண்டும், பேசல் கோப்புகளின் மொழியான ஸ்டார்லார்க் ஒரு \ தின்னும், உடைப்பான் மற்றதை. இங்கும் $-க்கு $$.

எதைத் திருத்துவதற்கு முன்பும் உண்மையான கட்டளையைப் பாருங்கள்: மேக்குக்கு -என், நிஞ்ஜாவுக்கு -வி, பேசலுக்கு -எஸ். அவை காட்டுவது பெரும்பாலும் ஷெல்லுக்கு முந்தைய வடிவம். அதே வரியில் ஜிசிசிக்கு -### சேர்த்து ஓட்டினால், ஷெல் தாண்டி வந்து சேர்ந்த ஆர்க்யுமென்ட்கள் தனித்தனியாகத் தெரியும். நான்கு கருவிகளிலும் ஓட வேண்டிய திட்டமென்றால் பதிப்பு எண்ணை ஃபிளாகில் அனுப்பவே வேண்டாம். பில்டின்போது ஒரு ஹெடர் கோப்பை உருவாக்கி அதில் எழுதிவிடுங்கள்.