சட்டென்று சிவக்கும் தோலுக்கு எந்தக் குளியல் பரிசு?

அக்காவின் அலமாரியில் கீழ்த்தட்டு முழுக்கப் பிரிக்காத பரிசுப் பெட்டிகள். லாவெண்டர் சோப்பு, ரோஜா லோஷன், செல்லோஃபேன் தாளில் சுற்றிய குளியல் உருண்டைகள். அதில் இரண்டு நான் கொடுத்தது. ஒருநாள் அவள் மோதிரத்தைக் கழற்றியபோது விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மோதிரத்தின் அகலத்துக்கே ஒரு சிவப்பு வளையம், அதன் ஓரத்தில் தோல் மெல்லிய செதிலாக உரிந்திருந்தது. கை கழுவும்போது சோப்பு மோதிரத்துக்கு அடியில் போய்த் தங்கிவிடுகிறது, எவ்வளவு அலசினாலும் முழுதாகப் போவதில்லை. இப்படி ஒரு கைக்கு என்ன வாங்கலாம் என்று அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டியையும் திருப்பிப் பின்பக்கம் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை வைத்து, கடையில் நாம் எல்லோரும் கையில் எடுக்கும் நான்கு வகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் வாசனைப் பரிசுப் பெட்டி. இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, சென்சிட்டிவ் தோலுக்கு இது வேண்டாம். அழகு சாதனங்களால் வரும் தோல் ஒவ்வாமைக்கு வாசனைப் பொருட்கள்தான் முக்கியமான காரணங்களில் ஒன்று. பெட்டியில் 'ஃப்ராக்ரன்ஸ்' என்றோ 'பர்ஃபம்' என்றோ ஒரே சொல்தான் இருக்கும், அதற்குள் எத்தனையோ ரசாயனங்கள் அடங்கியிருக்கலாம். குளியல் உருண்டை என்பது சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்து நுரைப்பது, கூடவே நிறமும் வாசனையும். அந்தத் தண்ணீரில் உடம்பு முழுவதும் அரை மணி நேரம் ஊற வேண்டும் என்பதால், நான்கில் மிக மோசமான தேர்வு அதுதான்.

அடுத்து, 'இயற்கையானது' என்று எழுதிய கையால் செய்த சோப்பு. நல்ல மனதோடு வாங்குபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள், அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் சேர்த்துச் செய்யும் எந்தச் சோப்பும், எவ்வளவு நல்ல எண்ணெயில் செய்தாலும், காரத்தன்மை உள்ளதுதான். அதன் பிஎச், அதாவது அமில-கார அளவு, 9 முதல் 10 வரை இருக்கும், நம் தோலின் மேற்பரப்போ சுமார் 5, அதாவது லேசான அமிலம். நல்ல தோல் இந்த வித்தியாசத்தைச் சில மணி நேரத்தில் சரிசெய்துகொள்ளும், ஏற்கெனவே வெடித்திருக்கும் தோலால் அது முடிவதில்லை, இழுத்துப் பிடித்த மாதிரி வறண்டுவிடும். அப்புறம் அதில் போடும் தாவர வாசனை எண்ணெய்கள். லாவெண்டரில் லினலூல் இருக்கிறது, ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் லிமோனீன் இருக்கிறது. இவை புதிதாக இருக்கும்போது அவ்வளவு தொல்லை தருவதில்லை, காற்றுப் பட்டுப் பட்டு ஆக்ஸிஜனோடு சேர்ந்த பிறகுதான் வலுவான ஒவ்வாமைப் பொருளாக மாறுகின்றன. அலமாரியில் மாதக்கணக்கில் திறந்து கிடந்த சோப்பு அதனால்தான் புதுச் சோப்பை விட மோசம். செடியிலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்று தோலுக்குத் தெரியாது.

மூன்றாவது, 'ஹைப்போஅலர்ஜெனிக்', 'சென்சிட்டிவ் தோலுக்கு', 'தோல் மருத்துவர் பரிசோதித்தது' என்று முன்பக்கம் பெரிதாக எழுதியவை. இவை முதல் இரண்டை விடப் பரவாயில்லைதான், ஆனால் அந்த எழுத்தை நம்பி மட்டும் வாங்கக் கூடாது. ஹைப்போஅலர்ஜெனிக், அதாவது ஒவ்வாமை தரும் வாய்ப்பு குறைவு, என்ற சொல்லுக்கு ஒரு விதி வைக்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1975-இல் முயன்றது, நிறுவனங்கள் வழக்குப் போட்டு 1977-இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அன்றிலிருந்து அங்கே அந்தச் சொல்லுக்கு அரசு வகுத்த பொருள் கிடையாது. இன்னொன்று, 'அன்சென்டட்' (வாடை தெரியாதது) வேறு, 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' (வாசனைப் பொருளே சேர்க்காதது) வேறு. முதலாவதில் மூலப்பொருளின் வாடையை மறைக்கவே ஒரு வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். மூக்குக்கு ஒன்றும் தெரியாது, தோலுக்குத் தெரியும். வாங்குவதாக இருந்தால் இரண்டாவது சொல்லைத் தேடுங்கள், அதையும் பின்பக்கப் பட்டியலில் சரிபாருங்கள். அங்கேயே மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற நீளமான பெயரையும் தேடுங்கள். தண்ணீர் கலந்த பொருட்கள் கெடாமல் இருக்கச் சேர்க்கும் இது, அமெரிக்கத் தொடு ஒவ்வாமைச் சங்கத்தால் 2013-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவிக்கப்பட்டது. தோலில் பூசி அப்படியே விடும் பொருட்களில் ஐரோப்பிய ஒன்றியம் இதைத் தடை செய்தே விட்டது. கடைகளில் வரிசையாக அடுக்கியிருக்கும் ஈரத் துடைப்பான்களிலும் பார்த்து எடுங்கள்.

நான்காவதுதான் என் தேர்வு, பார்க்க எந்தக் கவர்ச்சியும் இல்லாதது. வாசனை சேர்க்காத சின்டெட் கட்டி ஒன்று, வாசனை சேர்க்காத கெட்டியான க்ரீம் ஒன்று. சின்டெட் என்றால் சோப்பு மாதிரியே இருக்கும், ஆனால் சோப்பு இல்லை, மென்மையான சுத்திகரிப்புப் பொருளைக் கட்டியாக்கியது. பிஎச் தோலுக்குப் பக்கத்தில் இருக்கும், நுரை குறைவாகத்தான் வரும். பூசுவதற்கு லோஷன், க்ரீம், ஆயின்ட்மென்ட் என்று மூன்று உண்டு. லோஷனில் தண்ணீர் அதிகம், பூசிய சிறிது நேரத்தில் மறுபடி வறண்டுவிடும். ஆயின்ட்மென்ட், அதாவது பெட்ரோலியம் ஜெல்லி மாதிரியானது, தோலின் ஈரம் வெளியேறாமல் தடுப்பதில் எல்லாவற்றையும் மிஞ்சும். தண்ணீரே இல்லாததால் கெடாமல் வைக்கும் மருந்தும் அதில் தேவையில்லை. ஒட்டும், துணியில் கறை படியும், அதனால் இரவில் தூங்கும் முன் பூசத்தான் சரி. பகலுக்கு க்ரீம், அதில் கிளிசரினும், தோலிலேயே இருக்கும் கொழுப்பு வகையான செராமைடும் இருந்தால் நல்லது. டப்பாவை விட பம்பு பாட்டில் மேல், ஒவ்வொரு முறையும் விரலை உள்ளே விட வேண்டியதில்லை. யூரியா கலந்த க்ரீம் வறண்ட குதிகாலுக்கு நன்றாக வேலை செய்யும், வெடிப்பில் பட்டால் எரியும், அதனால் பரிசாக வேண்டாம்.

இவ்வளவு பார்த்து வாங்கினாலும் ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாது. இந்த வகை ஒவ்வாமை பெரும்பாலும் பூசிய உடனே வராது, ஒரு நாள் கழித்தோ இரண்டு மூன்று நாள் கழித்தோதான் தலைகாட்டும். எனவே முழங்கை மடிப்பின் உள்பக்கம் சின்ன இடத்தில் தினமும் இரண்டு வேளை, ஒரு வாரம் முதல் பத்து நாள் பூசிப் பார்த்த பிறகே முகத்துக்கோ உடம்புக்கோ போக வேண்டும் என்று பரிசோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். ரசீதையும் உள்ளே வையுங்கள், சங்கடப்பட வேண்டாம். இதையெல்லாம் விட எளிய வழி, அவர் இப்போது எதைப் பூசுகிறார் என்று நேராகக் கேட்டு அதிலேயே பெரிய பாட்டில் வாங்குவது. ஆச்சரியம் போய்விடுமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் பயமில்லாமல் அன்றைக்கே திறந்து பயன்படுத்தக்கூடிய ஒரு பரிசு அவர்களுக்கு எவ்வளவு அபூர்வம் என்பது அந்தக் கீழ்த்தட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அழகுக்கு என்ன செய்வது? அழகைத் தோலில் படாத பொருளில் வைத்துவிடலாம். மிருதுவான பருத்தித் துண்டு, பாத்திரம் கழுவும்போது போட உள்ளே பருத்தி வைத்த கையுறை. துண்டை ஒருமுறை வாசனையில்லாத சோப்புத்தூளில் துவைத்துவிட்டுக் கொடுங்கள், புதுத் துணியின் பூச்சு போகும். நான் அக்காவுக்கு அவள் வழக்கமாகப் பூசும் க்ரீமில் பம்பு வைத்த பாட்டிலும், நீலப் பூப்போட்ட ஒரு சின்னப் பீங்கான் தட்டும் வாங்கினேன். போன வாரம் போனபோது கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது, மோதிரம் தட்டில் கிடந்தது.