அப்பா ஆக நினைப்பவருக்கு எந்த வாத மருந்து?

டிசம்பர் காலையில் விரல் மடங்காமல், ஸ்வெட்டர் பட்டனைப் போட மனைவியைக் கூப்பிடும் முப்பது வயதுக்காரரிடம், கோத்தகிரிப் பக்கம் எல்லாரும் குளிரைத்தான் காரணமாகச் சொல்வார்கள். வெயில் ஏறி ஒரு மணி நேரமாகியும் அந்தப் பிடிப்பு விடவில்லை, தினமும் இப்படித்தான் என்றால் முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும். மாத்திரை ஆரம்பித்த பிறகு மனதுக்குள் வேறு கேள்வி ஓடும்: இதனால் குழந்தை பிறக்காமல் போகுமா, தாம்பத்தியம் கெடுமா? டாக்டரிடம் கேட்கக் கூச்சம். கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நோய் ஏறிக்கொள்கிறது, வலியும் சோர்வும் சேர்ந்தால் தாம்பத்தியம் இன்னும் கெடும்.

அதிகம் பயப்படுவது மெத்தோட்ரெக்சேட்டுக்கு. வாரம் ஒரு நாள் போடும் மாத்திரை. கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் இதை முன்கூட்டியே நிறுத்தியாக வேண்டும். அந்த எச்சரிக்கை ஆண்கள் மேலும் அப்படியே ஏறிவிட்டது. மருந்தோடு வரும் தாளிலும் மூன்று மாதம் முன்பே நிறுத்தச் சொல்லியிருக்கும். ஆனால் அமெரிக்க வாத நோய் நிபுணர்களின் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜியின் 2020 வழிகாட்டுதல், அப்பா ஆக நினைக்கும் ஆண்கள் இதைத் தொடரலாம் என்கிறது.

யாரும் பயப்படாதது சல்பாசலசீன் என்ற இன்னொரு வாத மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைப் பார்த்துப் பதறுவார்கள். அதனால் கெடுதல் இல்லை. கவனிக்க வேண்டியது வேறு: இது விந்தணு எண்ணிக்கையையும் அசைவையும் குறைக்கக்கூடும். உறவில் எந்த வித்தியாசமும் தெரியாமலே இது நடக்கலாம் என்பதால் சந்தேகமே வராது. வருடக்கணக்கில் ஸ்கேன், கோவில், நாட்டு மருந்து என்று மனைவியைத்தான் அலையவிடுவார்கள். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான். ஒரு விந்துப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம் இது. குறைவு இருந்தால் டாக்டர் மருந்தை மாற்றுவார், இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். குழந்தைக்குத் தாமதமாகிற வீட்டில், இந்த இரண்டில் நான் முதலில் சந்தேகப்படுவது சல்பாசலசீனைத்தான்.

அடாலிமுமாப் போன்ற வாத ஊசிகளைத் தாராளமாகத் தொடரலாம் என்பதே அதே வழிகாட்டுதலின் நிலை. சிக்கல் செலவிலும் கொண்டுவருவதிலும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கோவையில் வாங்கினால் மேட்டுப்பாளையம் வெயிலைத் தாண்டி மலையேற ஐஸ் பெட்டி வேண்டும். அதற்காக ஊசி உறைந்துபோகவும் கூடாது. ஊட்டிக் குளிரை நம்பி அலமாரியில் வைக்காதீர்கள், ஃபிரிட்ஜ்தான். ஆரம்பிக்கும் முன் காசநோய்ப் பரிசோதனையும் அவசியம்.

விந்தணுவைப் பாதிக்கக்கூடிய சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்து தேவைப்படும் கடுமையான நிலை என்றால், தொடங்கும் முன்பே விந்தணுவை உறைய வைத்துச் சேமிப்பது பற்றிக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், ஆண்குறி விறைப்புக் குறைபாடு. வாத நோயுள்ள ஆண்களிடம் இது கூடுதலாகவே காணப்படுகிறது. இதற்கான மாத்திரைகளில் சில்டெனாபில் நாலைந்து மணி நேரம் வேலை செய்யும். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் தாமதமாகும். டடாலாபில் 36 மணி நேரம் வரை தாங்கும், சாப்பாடு தடையில்லை. ஆனால் அது சிலருக்கு மறுநாள் முதுகுவலி, தசைவலி தரும். ஏற்கனவே முதுகு பிடித்திருக்கும் ஸ்பாண்டிலைட்டிஸ்காரர் (முதுகெலும்பு வாதம் உள்ளவர்) நோய் ஏறிவிட்டதென்று தவித்துப்போவார், அதனால் அவருக்குச் சில்டெனாபிலே மேல் என்பேன். எதுவானாலும் மெடிக்கலில் நேராகக் கேட்டு வாங்காதீர்கள்: நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் இந்த இரண்டையும் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவு இறங்கிவிடும்.